ரைட்டர் மேசைக்கு முன்னால்: காவல் நிலையம் பற்றி வாசகர் கேள்விகள்

காவல்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேரூராட்சி, சிறு நகராட்சி ஊர்களிலிருந்து வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

எங்கள் ஸ்டேஷன் சுவரில் 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று எழுதியிருக்கிறது. அதைத் தவிர, காவல்துறைக்கென்று எழுதிவைத்த நோக்கம், நெறி ஏதாவது உண்டா?
– ஜவுளிக்கடைக்காரர், சின்னமனூர்

உண்டு. உங்கள் ஊர் ஸ்டேஷன் சட்டப்படி எதன் கீழ் நடக்கிறது தெரியுமா? 1859-இல் மெட்ராஸ் மாகாணத்துக்குப் போட்ட மாவட்டக் காவல் சட்டம். நாடு முழுக்கப் பேசப்படும் 1861 போலீஸ் சட்டத்துக்கு இரண்டு வயது மூத்தது. சென்னை நகரத்துக்கு 1888-இல் தனிச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் அந்தச் சட்டத்தைப் போட்டது நம்மோடு நட்பு பாராட்ட அல்ல, ஊரை அடக்கி வைக்க. அதனால் அதில் நெறி தேடினால் அதிகம் கிடைக்காது.

நெறி என்று கேட்டால், 1985-இல் மத்திய உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய காவலர் நடத்தை விதிகளைச் சொல்வேன். அரசியல் சாசனத்துக்கு விசுவாசம், பாரபட்சம் கூடாது, முடிந்தவரை பேச்சால் முடி, பலம் தவிர்க்க முடியாதபோது மட்டும், அதுவும் குறைந்த அளவு என்று போகும். அதில் எனக்குப் பிடித்த ஒரு கருத்து: ஒரு காவல்துறை திறமையானது என்பதற்கு அடையாளம் ஊரில் குற்றமும் குழப்பமும் இல்லாதிருப்பதுதான், போலீஸ் ஓடி ஆடி நடவடிக்கை எடுப்பது கண்ணில் படுவது அல்ல. இதை எத்தனை ஸ்டேஷன் சுவரில் பார்த்திருக்கிறீர்கள்? நான் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. மாதாந்திர குற்றக் கூட்டத்தில் எத்தனை வழக்கு கண்டுபிடித்தாய் என்று கேட்பார்களே தவிர, எத்தனை நடக்காமல் பார்த்துக்கொண்டாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. எல்லாரும் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். யாரைப் போய்ப் பார்ப்பது? யார் யாருக்கு மேல்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

டீச்சர், கீழிருந்து வருகிறேன். இரண்டாம் நிலைக் காவலர், முதல்நிலைக் காவலர், தலைமைக் காவலர் (நாம் சொல்லும் ஏட்டையா), சிறப்பு உதவி ஆய்வாளர், உதவி ஆய்வாளர், ஆய்வாளர். பெரும்பாலான இடங்களில் ஆய்வாளர்தான் நிலைய அதிகாரி. சில நிலையங்கள் சேர்ந்தால் ஒரு உட்கோட்டம், அதற்கு டி.எஸ்.பி. மாவட்டத்துக்கு எஸ்.பி. சில மாவட்டங்கள் சேர்ந்த சரகத்துக்கு டி.ஐ.ஜி., அதற்கு மேல் மண்டலத்துக்கு ஐ.ஜி.

தோளைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். இரண்டு நட்சத்திரம் உதவி ஆய்வாளர். மூன்று நட்சத்திரத்தோடு சிவப்பு-நீலப் பட்டை இருந்தால் ஆய்வாளர். பட்டை இல்லாமல் மூன்று இருந்தால் டி.எஸ்.பி. இந்தப் பட்டையைக் கவனிக்காமல் டி.எஸ்.பி.யை "இன்ஸ்பெக்டர் சார்" என்று கூப்பிட்டுவிட்டு மக்கள் மாட்டிக்கொள்வது உண்டு.

ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிந்திருக்க வேண்டிய ஆள் இந்தப் பட்டியலிலேயே தனியாகத் தெரியமாட்டார். அவர் ரைட்டர். பெரும்பாலும் ஒரு தலைமைக் காவலர். துப்பாக்கியோடு பாரா நிற்பவரைத் தாண்டி உள்ளே போனால், பதிவேடுகள் அடுக்கிய மேசையின் பின்னால் இருப்பார். பொது நாட்குறிப்பு அவரிடம். யார் எந்த டியூட்டி என்று எழுதுவது அவர். உங்கள் மனு எந்தப் பதிவேட்டில் ஏறும் என்பதும் பாதி அவர் கையில்தான். ஆய்வாளர் மாறிப் போவார், ரைட்டர் நாலு ஆய்வாளரைப் பார்த்திருப்பார்.

இன்னொருவர், எஸ்.பி. தனிப்பிரிவுக் காவலர். சீருடையில்லாமல் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஊர் நடப்பை, ஸ்டேஷன் நடப்பையும் சேர்த்து, நேரே மாவட்டத் தலைமையிடத்துக்குச் சொல்பவர். பெருநகரத்தில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு வேறொருவர் இருப்பார்கள். உங்கள் ஊரில் கோயில் திருவிழா பந்தோபஸ்தும் கம்மல் திருட்டு விசாரணையும் ஒரே ஆய்வாளர் தலையில். விசாரணையைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி 2006-இல், காவல்துறைச் சீர்திருத்தம் கேட்டுத் தொடுத்த பிரகாஷ் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்ன ஊர்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பைக் திருட்டுக்குப் புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?
– செல்போன் கடை ஊழியர், உசிலம்பட்டி

இல்லை, தம்பி. சி.எஸ்.ஆர். என்பது சமுதாயப் பணிப் பதிவேடு. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு பதிவேடே கிடையாது. நம் துறை வைத்துக்கொண்ட ஏற்பாடு. அக்கம்பக்கத்துச் சண்டை, கொடுக்கல் வாங்கல் தகராறு போன்றவற்றுக்கு நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. திருட்டுக்கு அது போதாது.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரைப் படித்தாலே தெரிந்தால், முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும். 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது இது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக ஜூலை 1, 2024 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173-ஆம் பிரிவைப் பாருங்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். அந்த அனுமதி இல்லாமல் "விசாரிச்சுட்டு சொல்றோம்" என்று மாதக்கணக்கில் இழுக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அதே 173-இல் நான்காம் உட்பிரிவு இதற்குத்தான். அதற்கும் அசையவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவரிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். போட்டதும் ஒரு பிரதி இலவசமாகத் தர வேண்டும். பேப்பர் செலவு, ஜெராக்ஸ் செலவு என்று கேட்டால் கொடுக்காதீர்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் சொல்லிக் கேட்பவரிடம் ஸ்டேஷனில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். சரியா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

தவறு. இப்போது எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். பூஜ்ய எண் போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் பாடு.

இதில் என் பங்குப் பாவமும் ஒன்று உண்டு. உதவி ஆய்வாளராகச் சேர்ந்த புதிது. ஆற்றங்கரை ஊர், பெயர் வேண்டாம். பாலத்தின் பாதி எங்களுக்கு, மறுபாதி அடுத்த நிலையத்துக்கு. ஒரு பாட்டி காலையில் வந்தார், இரண்டு வெள்ளாட்டைக் காணோம் என்று. "கடைசியா எங்க பாத்தீங்க?" "பாலத்துக்கு அங்கிட்டு, சாமி." "அப்ப அங்கிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க." அங்கே போனால், "வீடு எங்க இருக்கு? இங்கிட்டா? அப்ப அவங்ககிட்டயே குடுங்க" என்றிருக்கிறார்கள். சாயங்காலம் நான் ரோந்து முடிந்து வரும்போது ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அறுந்த கழுத்துக் கயிறு. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஏட்டையாதான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தார். அன்று பக்கத்து ஊரில் ஆட்டுச் சந்தை. காலையிலேயே ஒரு காவலரைச் சைக்கிளில் அனுப்பியிருந்தால் சந்தை வாசலிலேயே பிடித்திருக்கலாம். ஆடு கிடைக்கவே இல்லை.

மகளுக்கு வரதட்சணைக் கொடுமை. மகளிர் காவல் நிலையத்தில்தான் கொடுக்க வேண்டுமா? அது எங்கள் ஊரிலிருந்து 30 கிலோமீட்டர்.
– ஒரு தாய், தேனி மாவட்டம்

வேண்டியதில்லை அம்மா, உள்ளூர் நிலையத்திலேயே கொடுக்கலாம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தபோது நோக்கம், பெண்கள் கூச்சமில்லாமல் பேசட்டும் என்பது. மற்ற ஸ்டேஷன் கதவைச் சாத்துவதற்கு அல்ல. மகளுக்கு இப்போதே ஆபத்து என்றால் அவசர எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-க்கு போன் அடியுங்கள். "சமரசம் பேசி அனுப்பிவிடுகிறோம்" என்று வற்புறுத்தினால், மகளுக்கு அதில் விருப்பமா என்பதை மட்டும் பாருங்கள்.

எனக்கு 67 வயது. ஒரு வழக்கில் சாட்சி சொல்லணும், ஸ்டேஷனுக்கு வா என்று போனில் கூப்பிடுகிறார்கள்.
– விவசாயி, முசிறி

போனில் கூப்பிட்டால் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்தாலும், 60 வயதைக் கடந்தவரை, பெண்களை, 15 வயதுக்குட்பட்ட பையன்களை, உடல்நலம் மிக மோசமானவர்களை அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். புதிய சட்டத்தில் 179-ஆம் பிரிவு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். மரியாதையாகவே சொல்லுங்கள், "வீட்டுக்கு வாங்க தம்பி, டீ போட்டு வைக்கிறேன்" என்று.

ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமா?
– மாணவர், ஆரணி

வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்குப் பதிவு செய்து நீங்களே அச்செடுத்துக்கொள்ளலாம். திருட்டுப் போயிருந்தால் மட்டும் நேரில்.

'போலீஸ் நண்பர்கள் குழு'வில் மகன் சேர ஆசைப்படுகிறான். இன்னும் இருக்கிறதா?
– மளிகைக்கடைக்காரர், பரமக்குடி

உங்கள் மாவட்டத்தில் பிறந்ததுதான் அது. 1993-இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கினார். நல்ல யோசனை. ஊர் இளைஞர்கள் ஸ்டேஷனுக்குள் வந்து போனால் பயம் போகும், இரவு ரோந்துக்கும் துணை. பிறகு பல இடங்களில் அவர்கள் லத்தி இல்லாத போலீஸ் ஆனார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது இந்தக் குழுவின் பெயரும் அடிபட்டது. அடுத்த மாதமே தமிழ்நாடு முழுக்கத் தடை.

அந்தச் சம்பவத்தில் என்னைத் தூங்கவிடாத செய்தி ஒன்று. விசாரிக்கப் போன நடுவர், நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஹார்ட் டிஸ்கில் இடமில்லாமல் அல்ல, இடம் நிறையவே இருந்தது. ஸ்டேஷனையே வருவாய்த்துறை வசம் ஒப்படைக்கும்படி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. அதே ஸ்டேஷனில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான், பயந்துகொண்டே என்றாலும், நடந்ததைச் சொன்னார். துறைக்கு நெறி இருக்கிறதா என்று மேலே கேட்டவருக்கும் இதைச் சொல்கிறேன், அன்று இரவு அது அவர் ஒருவரிடம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் கேமரா, பதிவு 18 மாதம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

மகனுக்கு: ஊர்க்காவல் படையில் சேரச் சொல்லுங்கள். 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது, பயிற்சியும் அடையாள அட்டையும் உண்டு.

ஒரு வாரம் காசி போகிறோம். வீடு பூட்டியிருக்கும். சொன்னால் பார்த்துக்கொள்வார்களா?
– தம்பதி, கும்பகோணம் அருகே

சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்துக் காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை உங்கள் தெருவில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் அதைப் புரட்டிப் பாருங்கள். ஏழு இரவுக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால், ஒரே இரவில் போட்டது.

என் கணவர் காவலர். ரோல்கால் காலையில், பந்தோபஸ்து முடிந்து வர நள்ளிரவு. பிள்ளைகள் அவரை விழித்த நிலையில் பார்ப்பதே அபூர்வம். வார விடுமுறை என்று அரசாணை வந்ததே?
– காவலர் குடியிருப்பு, ஊர் வேண்டாம்

வந்தது அம்மா, 2021-இல். உத்தரவு நடப்பில்தான் இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஒரு ஸ்டேஷனில் இத்தனை பேர் என்று கணக்கு இருக்கும். அதில் ஒருவர் கோர்ட் டியூட்டி, ஒருவர் பாரா, ஒருவர் கைதி எஸ்கார்ட், இருவர் அயல்பணி, ஒருவர் மருத்துவ விடுப்பு. முதலமைச்சர் வருகை என்றால் மிச்சமும் பஸ் ஏறிவிடும். ஊருக்கு மிஞ்சுவது மூன்று பேர். தூக்கமில்லாத மனிதனிடம் பொதுமக்கள் கனிவை எதிர்பார்க்கிறார்கள், அவனும் ஒருநாள் யாரிடமாவது எரிந்து விழுகிறான்.

நான் ஆய்வாளராக இருந்தபோது ஒன்று செய்தேன். ஓய்வு அட்டவணையை ரைட்டர் மேசைக்கு மேல் ஒட்டினேன், யாருக்கு எந்தக் கிழமை என்று. அதை மாற்ற வேண்டுமானால் நானே பேனாவால் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தேன். முதல் மாதம் அட்டவணை முழுக்க என் கையெழுத்துதான். மூன்றாம் மாதம் பாதிக் கட்டங்கள் அடிக்கப்படாமல் இருந்தன. உங்கள் கணவரை ஆய்வாளரிடம் இப்படி ஒரு தாளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பது ஒழுங்கீனம் ஆகாது.