பெரியபிள்ளையாக முதலே மாதாமாதம் வயிற்றுக்குத்து: மிஸ்ஸியிட்டைக் கேட்டவை

பெண்நோயியல் வாட்டில் நெடுங்காலம் நின்று ஓய்வுபெற்ற தாதி நான். டொக்டர் இல்லை. கண்டதைச் சொல்லுறன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 14. இன்னும் சாமத்தியப்படேல்லை. நாலு மாதமாய் அடிவயிறு குத்துது, மூண்டு நாளில் மாறிப்போகுது. பூச்சி மருந்தும் குடுத்துப் பாத்தாச்சு.

பூச்சிக்குத் தேதி தெரியாது அம்மா. சுவரில தொங்கிற கலண்டரை எடுத்து, குத்து வந்த நாளுக்கெல்லாம் வட்டம் போடுங்கோ. வட்டங்களுக்கிடையில ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தால், மார்பும் வளர்ந்திருந்தால், உள்ளுக்கு மாதவிடாய் தொடங்கியிருக்கலாம், வெளியில வர வழிதான் இல்லை. பெரும்பாலும் கன்னிச்சவ்வில், அதாவது யோனி வாசலில இருக்கிற மெல்லிய சவ்வில், இருக்கவேண்டிய துவாரம் பிறப்பிலேயே இல்லாமல் போயிருக்கும். இரத்தம் மாதாமாதம் யோனிக்குள்ள தேங்கும். வலி இல்லாவிட்டாலும், 15 வயதாகியோ மார்பு வளரத் தொடங்கி 3 வருடமாகியோ தீட்டு வராவிட்டால் காட்டவேணும். வலி இருந்தால் அதுவரை பொறுக்கவேண்டாம்.

மல்லாவியிலிருந்து ஒரு ஆசிரியை: எங்கட வகுப்புப் பிள்ளைக்கு நேற்றிலயிருந்து சலம் போகேல்லை. இடுப்பும் வலிக்குதாம்.

இன்றைக்கே கொண்டுபோங்கோ ரீச்சர். வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. பிள்ளை இன்னும் சாமத்தியப்படேல்லை எண்டால், உள்ள தேங்கின இரத்தம் சலக்குழாயை நெரிக்கலாம், மலமும் இறுகும்.

இப்பிடி ஒரு பிள்ளை தகப்பனின்ர சைக்கிள் பாரில குனிஞ்சபடி வந்தது நினைவிருக்கு. சலம் எடுக்கிற குழாய் (கதீற்றர்) போட்டவுடன பை நிரம்பி, முகம் விடிஞ்சுது. அதுக்கு முதல் ரெண்டு மாதம் சலக்கிருமி எண்டு மருந்து குடிச்சிருக்கு. ஒருத்தரும் போர்வையை விலக்கிப் பார்க்கேல்லை! தாய் பக்கத்தில நிற்க, வெளியால ஒரு பார்வை போதும்: முக்கச் சொன்னால் நீலம்பாரிச்ச சவ்வு வெளியில தள்ளும். விரல் விட்டுப் பார்க்கத் தேவையில்லை. மிச்சத்தை வயிற்றுக்கு மேலால செய்யிற ஸ்கான் காட்டும்.

பெயர் வேண்டாம்: மகளின்ர வயிறு முன்னுக்குத் தள்ளியிருக்கு. சனம் வேற மாதிரிக் கதைக்குது.

தெரியும் பிள்ளை. வாட்டில சலம் எடுத்துக் கர்ப்பப் பரிசோதனை செய்வினம். அதைக் குறையாய் எடுக்காதேங்கோ, எல்லாருக்கும் செய்யிறதுதான். தேங்கின இரத்தம் தொப்புள் வரைக்கும் கட்டிபோல எழும்பலாம். சனத்துக்கு ஸ்கான் றிப்போட் காட்டவேண்டிய கடமை உங்களுக்கில்லை.

மாங்குளத்திலிருந்து ஒரு அப்பா: சவ்வை வெட்டினால் நாளைக்குக் கலியாணம்…?

ஐயா, கன்னித்தன்மைக்கும் இதுக்கும் ஒரு தொடர்புமில்லை. பிறக்கேக்கையே திறந்திருக்கவேண்டியதைத் திறக்கிறம். மயக்கமருந்து குடுத்து, சவ்வை வெட்டி, ஓரத்தைச் சீராக்கி விடுவினம். பனம்பாணி போலக் கறுத்துத் தடிச்ச இரத்தம் வடியும். சில நாளைக்குக் கசியும், பயப்படாதேங்கோ. ஊசியால குத்தி உறிஞ்சி எடுப்பம் எண்டு ஆரும் சொன்னால் மட்டும் சம்மதிக்காதேங்கோ: ஓட்டை மூடிப்போகும், உள்ள கிருமி பிடிச்சால் சீழ் கட்டும். பிற்காலத்தில பிள்ளைப்பேறு பெரும்பாலும் பாதிக்காது. காட்டாமல் இழுத்தடிச்சால் இரத்தம் கருக்குழாய் வழியாய்ப் பின்னுக்குப் போய்க் கரைச்சல் குடுக்கலாம்.

செட்டிகுளத்திலிருந்து ஒரு அக்கா: தங்கச்சிக்கு ஒழுங்காய்த் தீட்டு வருது. ஆனால் மாதம் போகப்போக வலி கூடுது. பனடோலுக்கும் கேக்குதில்லை.

இதுதான் எல்லாரையும் ஏமாத்திறது. சில பிள்ளைகளுக்குக் கருப்பை இரண்டாய் இருக்கும். ஒரு பக்கம் வடியும், மற்றப் பக்கம் அடைபட்டிருக்கும். அடைபட்ட பக்கத்தில சிறுநீரகமும் இல்லாமல் இருக்கிறது வழமை. அதால "கிட்னியையும் பாருங்கோ" எண்டு ஸ்கான் அறையிலயே கேளுங்கோ. யோனிக்குள்ள உயரத்தில குறுக்குச் சுவர் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. இவைக்கெல்லாம் எம்.ஆர்.ஐ. எடுத்து, கைதேர்ந்த நிபுணர்தான் வெட்டவேணும். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் அலைக்கழிக்கினம் எண்டு கோபப்படாதேங்கோ. அவசரத்தில வெட்டினால் தழும்பு சுருங்கித் திரும்ப அடைக்கும். அதுவரை தீட்டை நிறுத்திவைக்கக் குளிசை குடுப்பினம்.

வவுனியாவிலிருந்து: 16 வயது, தீட்டுமில்லை, வலியுமில்லை.

அது வேற கதை. கருப்பை உருவாகாமல் இருக்கலாம், ஓமோன் குறையாயும் இருக்கலாம். ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் செய்யவேணும்.

ஒரு அம்மம்மா: பேத்திக்கு ஒப்பரேசன் முடிஞ்சுது. சாமத்தியச் சடங்குக்கு எந்த நாளைக் கணக்கெடுக்கிறது மிஸ்ஸி?

நாளை ஐயரிட்டைக் கேளுங்கோ, சடங்கு வேணுமோ எண்டு பேத்தியிட்டைக் கேளுங்கோ. உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் தாராளமாய்க் குடுக்கலாம், முட்டையை மட்டும் அவிச்சுக் குடுங்கோ. மண்டபத்துக்குக் காசு கட்டமுதல், அடுத்த தீட்டு தடையில்லாமல் வடியுதோ எண்டு கிளினிக்கில ஒருக்கால் காட்டுங்கோ.