அரசியல் விசாரணைகளை நடுநிலையோடு பார்ப்பது எப்படி?

ஒரு தலைவர் மீது விசாரணை என்றதும் ஒரு தரப்பு ‘பழிவாங்கல்’ என்கிறது, இன்னொரு தரப்பு தீர்ப்பே எழுதிவிடுகிறது, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புகார், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எல்லாம் வேறு வேறு. சோதனை நடந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

அடுத்தது மூல ஆவணம். இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரஷ்யா தலையிட்டதா, ட்ரம்ப் தரப்புக்கு அதில் தொடர்பு உண்டா என்று சிறப்பு விசாரணை அதிகாரி ராபர்ட் முல்லர் நடத்திய விசாரணை முடிந்ததும், 2019 மார்ச் 24 அன்று அட்டர்னி ஜெனரல் (அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் தலைவர்) வில்லியம் பார் அதன் முக்கிய முடிவுகளைச் சொல்லும் நான்கு பக்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டார். முல்லரின் 448 பக்க அறிக்கை ஏப்ரல் 18 அன்றுதான், அதுவும் சில பகுதிகள் மறைக்கப்பட்டு, வெளிவந்தது. இடையில் இரு தரப்பும் படிக்காத அறிக்கைக்காக மல்லுக்கு நின்றன. ட்ரம்ப்பின் பிரச்சாரக் குழு ரஷ்யாவோடு சதி செய்ததாக நிறுவ முடியவில்லை என்றது அறிக்கை. நீதிக்கு இடையூறு செய்தாரா என்பதில் ட்ரம்ப் குற்றம் செய்ததாக அது முடிவு செய்யவில்லை. குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் அந்த அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர், ரஷ்யா குறித்த இந்த விசாரணையை முதலில் எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) தொடங்கப் போதிய காரணம் இருந்தது என்றார். அந்த விசாரணையில் ஒருவரைக் கண்காணிக்க எஃப்.பி.ஐ. நீதிமன்றத்தில் அனுமதி கேட்ட மனுக்களில் 17 முக்கியப் பிழைகள், விடுபடல்கள் இருந்ததையும் சொன்னார். ஆளாளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்பவரின் பேச்சுக்குத்தான் நான் காது கொடுப்பேன்.

எதிர்க்கட்சியை மட்டும் ஏன் குறிவைக்கிறார்கள் என்பதும் நியாயமான கேள்விதான், கட்டாயம் கேளுங்கள். ஆனால் வழக்குத் தொடுத்தவரின் நோக்கம் கெட்டது என்பதற்காக வங்கிக் கணக்கில் இருக்கும் ஆதாரம் பொய்யாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே எடைபோடுங்கள்.