முன்விளிம்பில் வெடித்த பிளைவுட்

வணக்கம். மாதிரி விமானச் சிறகின் முன்விளிம்பில் 0.8 மி.மீ. பிளைவுட்டை வளைத்தபோது மேலடுக்கு வெடித்துவிட்டது என்றும், மர இழை ஓடும் திசையான ரேகையை விளிம்புக்குக் குறுக்கே வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான். மேல், கீழ் அடுக்குகளின் ரேகை சிறகின் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்படி வைத்தால் நடு அடுக்கு ஒன்றுதான் எதிர்த்து நிற்கும். பலகை சுலபமாக வளையும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, குழாயில் சுற்றிக் கட்டி, முழுக்க உலர்ந்த பிறகு ஒட்டுங்கள்.

புதிதாக வாங்கும்போது மரச்சாமான் பலகை வேண்டாம். பர்ச் என்ற கடின மரத்தில் செய்த விமானத் தர பிளைவுட் என்றே கேளுங்கள். நீர் தாங்கும் ஃபீனாலிக் பசையா என்பதையும் விசாரியுங்கள். சாதாரணப் பசை என்றால் நனைத்ததும் அடுக்குகள் பிரியலாம். முன்விளிம்புக்கு 0.4 மி.மீ. போதும். அந்தத் தடிமனிலும் மூன்று அடுக்குகள்! விளக்குக்கு எதிரே பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி கசியும். நடு அடுக்கில் இடைவெளி இருந்தால் வெளிச்சக் கீறலாகத் தெரிந்துவிடும். இந்த அழகுக்காகவே நான் ஒவ்வொரு தாளையும் அப்படிப் பார்க்கிறேன்.

எடையையும் கவனியுங்கள். மாதிரி விமானங்களுக்குப் பயன்படும் மிக லேசான மரமான பால்சாவைப் போல பர்ச் ஏறக்குறைய நான்கு மடங்கு கனம். அதனால் சிறகு முழுவதையும் இதனால் மூட வேண்டாம். முன்விளிம்பு, சக்கரத் தாங்கி, எஞ்சின் பக்கச் சுவர் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால மஸ்கிட்டோ விமானத்தின் உடலே பர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்ததுதான்.

வெட்டும்போது புதுக் கத்தியால் நாலைந்து முறை மெல்லக் கீறுங்கள். அடியில் ஒட்டுநாடா இருந்தால் ஓரம் சிதையாது.