கரையும் கழனியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் கணவரும் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வசிக்கிறோம். சென்ற கோடையில் வேல்ஸின் தென்மேற்கு முனையான பெம்புரோக்‌ஷயருக்குப் போய், அங்குள்ள புகழ்பெற்ற கரையோரப் பாதையில் வடக்கிலிருந்து தெற்காகச் சில நாட்கள் நடந்தோம். முதல் நாள் அழகில் பேச்சே எழவில்லை. மூன்றாம் நாள் சலிப்பு வந்துவிட்டது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வயல், ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். எல்லாக் குடாக்களும் ஒன்றுபோலவே தோன்றின. இந்த மே மாதம் ஒரு வாரம் மறுபடியும் போகிறோம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முழுப் பாதையையும் முடிக்க வேண்டும் என்கிறார் கணவர். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு எப்படி நடப்பது என்றும் தெரியவில்லை. அந்தப் பகுதியில் நீங்கள் நடந்திருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவரின் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். 1970இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் 186 மைல், அதாவது 299 கிலோமீட்டர். அதை முழுதாக நடந்து முடித்தவர்களின் பெருமிதம் நியாயமானது. ஆனால் கையில் ஒரே ஒரு வாரம்தான் என்றால் நான் உங்கள் கட்சி. நாள்தோறும் நடையில் பாதியைக் கடலோரமாகவும் மீதியை வயல்களின் ஊடாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கரை வழியாகப் போய், கழனி வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புங்கள்.

விளிம்பை விட்டு விலகாமல் நடப்பவருக்குக் கடல் கிடைக்கும். அந்த நிலம் ஏன் அப்படி இருக்கிறது என்பது கிடைக்காது. எல்லாக் குடாவும் ஒன்றுபோலத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குடாவையும் வேறுபடுத்துவது அதன் பின்னால் இருக்கும் நிலமும் அங்கே வாழ்ந்தவர்கள் செய்த வேலையும்.

சோல்வாவுக்குப் போங்கள். கடல் ஊருக்குள் நீளமாக நுழையும் ஒடுங்கிய துறைமுகம் அது. எதிர்க்கரையில் கல்லால் கட்டிய சுண்ணாம்புக் காளவாய்கள் வரிசையாக நிற்கும். நடப்பவர்களில் பெரும்பாலானோர் பழைய கோட்டைச் சிதைவு என்று எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெம்புரோக்‌ஷயரின் வடபகுதி மண் அமிலத்தன்மை மிகுந்த மண். சுண்ணாம்பு இடாமல் அதில் நல்ல விளைச்சல் எடுக்க முடியாது. சுண்ணாம்புக்கல் கிடைப்பதோ தெற்கில். அதை அங்கேயே சுட்டுக் கொண்டுவரலாமே என்று தோன்றும். ஆனால் சுட்ட சுண்ணாம்பில் ஈரம் பட்டால் கொதித்துப் பொங்கும். மரக்கப்பலில் ஏற்றிக் கடல்வழியே கொண்டுவருவது நெருப்போடு பயணம் செய்வதுதான். ஆகவே சுடாத கல்லையும் கரித்தூளையும் கப்பலில் கொண்டுவந்து, ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போது கரையேற்றி, காளவாயில் அடுக்கடுக்காக இட்டு, ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்தார்கள். அடியில் சேர்ந்த சுண்ணாம்பை விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து ஏற்றிப் போனார்கள். இதனால்தான் அந்தக் கரையில் ஒரு படகு ஒதுங்கக்கூடிய சிறு குடாக்கள் பலவற்றில்கூடக் காளவாய் இருக்கிறது. அங்கிருந்து உள்நாட்டு வயலுக்குப் போகும் சந்துகள் பலவற்றில் இந்த வண்டிகள் ஓடியிருக்கின்றன. காளவாயைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு சந்தில் ஏறிப் போனால், மேலே காணும் பச்சை வயல் கடல்வழி வந்த கல்லால் விளைந்தது என்பது காலுக்கே புரிந்துவிடும்.

அந்தச் சந்துகளும் தனி அழகு. இரு பக்கமும் கல் பதித்த மண்கரைகள், அவற்றின் மேல் புதர்வேலி. தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றைத் தடுக்க எழுப்பியவை. மேலே நிற்கும் மரங்கள் எல்லாம் வடகிழக்கே சாய்ந்திருக்கும். கடலோரத்தில் உங்களைத் தள்ளிய காற்று, சந்துக்குள் இறங்கியதும் சட்டென்று நின்றுவிடும்; பூச்சிகளின் ரீங்காரம் கேட்கத் தொடங்கும். மே மாதத்தில் மண்கரை முழுக்கப் பூக்கள்.

நெய்தலும் மருதமும் கலக்கும் திணைமயக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே ஸ்டாக்போலுக்குப் போக வேண்டும். அங்குள்ள சிறு துறையில் தொடங்குங்கள். பராஃபண்டில் கடற்கரைக்கு வண்டிச்சாலை கிடையாது. நடந்து போனால்தான் உண்டு. அதைக் கடந்து சுண்ணாம்புப் பாறை முனையைச் சுற்றி, பிராட் ஹேவன் மணல்வெளியில் இறங்கியதும் கடலை விட்டு உள்ளே திரும்புங்கள். மணல்மேட்டுக்குப் பின்னால், சில நிமிட நடையில், பாஷர்ஸ்டன் அல்லிக் குளங்கள். இவை இயற்கை ஏரிகள் என்றே தோன்றும். ஆனால் ஸ்டாக்போல் பண்ணையை ஆண்ட பிரபுக் குடும்பம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் பள்ளத்தாக்குகளை அணையிட்டு உருவாக்கியவை. அவர்களுடைய மாளிகை 1963இல் இடிக்கப்பட்டுவிட்டது. குளங்கள் இருக்கின்றன, நீர்நாய்கள் அவற்றில் வாழ்கின்றன. அல்லிகள் ஜூனில்தான் நன்றாகப் பூக்கும். நீங்கள் மே மாதம் போவதால் இலைகளைத்தான் பார்ப்பீர்கள், ஆனால் கரையோரக் காட்டில் நீலமணிப் பூக்கள் விரிந்திருக்கும். எட்டு வளைவுப் பாலத்தைக் கடந்து வயல் வழியாகத் துறைக்கு வந்து சேர மொத்தம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஒரே நடையில் பாறை, மணல், நன்னீர், காடு, வயல் இத்தனையும் தரும் இடம் அந்தக் கரையிலேயே இதுதான் என்பது என் கணிப்பு.

வழியில் சிவந்த அலகும் சிவந்த கால்களும் கொண்ட காக்கை இனப் பறவையைப் பார்த்தால் சற்று நில்லுங்கள். ‘சஃப்’ என்பார்கள். அது பாறை இடுக்கில் கூடு கட்டும். ஆனால் குட்டைப் புல்தரையைக் கிளறி எறும்பையும் புழுவையும் தின்றுதான் வாழும். கால்நடைகள் மேயாவிட்டால் புல் உயர்ந்து புதர் மண்டிவிடும், பறவைக்கு இரை கிடைக்காது. அதனால்தான் பாறைச் சரிவுகளில் மட்டக் குதிரைகளை மேயவிடுகிறார்கள். கடல்பறவை என்று நாம் நினைப்பதற்கும் மேய்ச்சல்காரர் தேவைப்படுகிறார்.

வடக்கே டினாஸ் தீவு இருக்கிறது. பெயரில்தான் தீவு. பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் அரித்த பள்ளம் ஒன்று அதை நிலத்திலிருந்து பிரிப்பதுபோலக் கிடக்கிறது. முனையைச் சுற்றிவர 5 கிலோமீட்டர்; சுற்றை மூடும் கடைசித் துண்டு அந்தப் பள்ளத்தின் சமதரை. ஒரு முனையில் கூம்-அர்-எக்லுயிஸ் கடற்கரையில் ஒரு தேவாலயத்தின் ஒற்றைச் சுவர் நிற்கிறது. மீதியை 1859 அக்டோபர் புயல் கொண்டுபோய்விட்டது. இந்தத் தீவில் விவசாயம் செய்த ரொனால்ட் லாக்லி என்ற இயற்கையியலாளர்தான் 1950களின் தொடக்கத்தில் கரையோரப் பாதை எங்கே போக வேண்டும் என்று நடந்து பார்த்து வகுத்தவர். அந்தப் பாதையை வகுத்தவரே ஓர் உழவர் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

செயின்ட் டேவிட்ஸ் என்ற சிறு நகரையும் கடலிலிருந்தே அணுகுங்கள். போர்த்க்ளைஸ் துறையிலிருந்து அலன் ஆற்றின் ஓரமாக ஏறிப் போனால், 1181இல் கட்டத் தொடங்கிய பேராலயம் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பது கடைசி நிமிடம் வரை தெரியாது. கடல்வழி வந்து கொள்ளையிட்டவர்களின் கண்ணுக்குப் படாமல் இருக்க அந்த இடம் வசதியாக இருந்தது என்பார்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வருபவருக்கு இது விளங்காது.

வயல் வழிகளுக்கு நல்ல வரைபடம் தேவை. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுத் தாள்களில் வடபகுதிக்கு ஓஎல்35, தென்பகுதிக்கு ஓஎல்36. பச்சைக் கோடுகளால் காட்டப்படும் பொது நடைபாதைகள் தனியார் வயலுக்குள் போனாலும் உங்களுக்கு அங்கே நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு, தயங்க வேண்டாம். வாயிற்கதவை எந்த நிலையில் கண்டீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள். வயலோரமாகச் சுற்றிப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஓத அட்டவணை இல்லாமல் மணலில் இறங்க வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்தில் கடல்மட்டம் ஏறுவதும் வற்றுவதும் 6 மீட்டருக்கும் மேல். சாண்டி ஹேவன் போன்ற இடங்களில் பாதை ஓடையைக் கடப்பது, கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே கைகூடும். தவறினால் நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். ஸ்டாக்போலுக்கு மேற்கே இராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களம். சிவப்புக் கொடி பறந்தால் பாதை மூடியிருக்கிறது.

ஸ்டாக்போலை முதல் நாளே நடந்துவிடாதீர்கள். டினாஸில் தொடங்கி, பிறகு செயின்ட் டேவிட்ஸ், சோல்வா என்று தெற்கே வாருங்கள். வடக்கின் காளவாய்களைப் பார்த்த பிறகு தெற்கின் சுண்ணாம்புப் பாறைமேல் நடப்பதுதான் சரியான வரிசை. மீதி நாட்களை உங்கள் கணவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

அன்புடன்.