யாருக்கும் அனுப்பாத படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தினமும் மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டு வேப்பமரத்தை ஒரு படம் எடுக்கிறேன். எங்கும் போடுவதில்லை, யாருக்கும் அனுப்புவதும் இல்லை. "அப்புறம் எதுக்கு எடுக்கறே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. (வாசகி, கும்பகோணம்)

பதில்: மரத்தைப் பார்ப்பதற்காக எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் கொழுந்துவிட்டு, சித்திரையை ஒட்டிப் பூக்கும் என்பது ஊரறிந்தது. அந்த மரம் இந்த வருஷம் எந்தத் தேதியில் கொழுந்துவிட்டது, தெருப்பக்கக் கிளை முந்தியதா கொல்லைப்பக்கக் கிளையா என்பதை உங்கள் போன் மட்டும்தான் சொல்லும். நூறு படங்களில் ஒன்றை உருவி இன்னொருவரிடம் காட்டினால் அவருக்கு அது ஏதோ ஒரு மரம். அதனால் உங்கள் படம் மட்டமாகிவிடாது. வேறு வேலைக்காக எடுத்த படம் அது.

இப்படித் தொடராக எடுப்பவர்களுக்குக் கைகொடுக்கும் சில விஷயங்கள்: கால் வைக்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். போனின் கீழ் விளிம்பைக் கைப்பிடிச் சுவரின் ஒரே இடத்தில் ஊன்றி எடுங்கள். ஜூம் வேண்டாம், எப்போதும் 1x லென்ஸ்தான். நேரமும் மாறக் கூடாது. காலை 7 மணிப் படத்தையும் மாலை 5 மணிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் இலை நிறம் மாறியதா, வெயில் மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் வெளுத்த வானம் இருந்தால் போன் மரத்தைக் கறுப்பாக்கிவிடும். இலைக்கொத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். பிரான்ஸில் 1894இல் பிறந்த ழாக் ஹென்றி லார்டீக் சிறுவனாக இருந்தபோதே கேமராவைக் கையில் எடுத்தவர். வீட்டார், கார் பந்தயம், குதித்து விளையாடும் உறவுப் பிள்ளைகள் என்று எடுத்துத் தன் ஆல்பங்களில் ஒட்டி வந்தார். 1963இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு 69 வயது. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவர் பொருள் வைத்திருந்த வாடகை அறைக்குப் பணம் கட்டாததால் 2007இல் பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. உலகம் அவரை அறிந்தது 2009இல் அவர் இறந்த பிறகுதான். அவர் கையில் இருந்த ரோலிஃப்ளெக்ஸ் கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம் மட்டுமே விழும். குனிந்து மேல்கண்ணாடியில் பார்த்து, நிதானித்துத்தான் பொத்தானை அழுத்த முடியும். அந்த நிதானம் போனிலும் வாய்க்கும். தினம் ஒரே படம் என்ற உங்கள் கணக்கு அதைத்தான் செய்கிறது. அதைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: படம் எடுத்தால் ஞாபகசக்தி குறையும் என்று ஆராய்ச்சியே இருக்கிறதாமே? அப்படியானால் எடுக்காமல் இருப்பதுதானே நல்லது? (வாசகர், மதுரை)

பதில்: ஆராய்ச்சி இருக்கிறது, ஆனால் பாதிதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்டது அது. அருங்காட்சியகத்தில் சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை; படத்துக்குள் வராத பகுதிகூட அவர்கள் நினைவில் நின்றது.

எதை எடுப்பது என்று தாங்களே தேர்ந்தவர்களை வைத்து அலிக்சாண்ட்ரா பராஷும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவு: கண்ணால் கண்டது கூடுதலாக நினைவில் நின்றது, காதால் கேட்டது குறைந்தது. மறு வருஷம் அதே குழுவில் சிலர் இன்னொன்றும் காட்டினார்கள். பிறரோடு பகிர்வதற்கென்று எடுப்பவர்களுக்கு, தமக்கென்று எடுப்பவர்களைவிட அந்த நேரத்து மகிழ்ச்சி குறைகிறது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை ஊடே வந்துவிடுவதுதான் காரணம்.

ஆகவே கோயில் தூணைப் பார்க்கிறீர்கள் என்றால் முதலில் போனை எடுக்காமல் ஒரு நிமிஷம் பாருங்கள். பிறகு முழுத் தூணுக்கு ஒன்று, மனசைப் பிடித்த ஒரு சிற்பத்துக்கு நெருங்கி ஒன்று. கச்சேரியிலும் கதாகாலட்சேபத்திலும் முதல் இரண்டு நிமிஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு போனைப் பையில் போடுங்கள். அங்கே காதுக்குத்தான் வேலை.

கேள்வி: போனில் 20,000 படம் சேர்ந்துவிட்டது. எதை அழிப்பது, எதை வைப்பது? (வாசகர், திருப்பூர்)

பதில்: நன்றாக வந்ததை வைத்து, ஆடியதை அழிப்பது என்ற கணக்கு இங்கே செல்லாது. பாட்டி சிரிக்கும் படம் ஆடியிருந்தாலும் அது இருக்க வேண்டும். அழிக்க வேண்டியவை வேறு: ஸ்கிரீன்ஷாட், காலை வணக்கப் படம், பில், ஒரே காட்சியின் எட்டுப் பிரதிகளில் ஆறு. மொத்தத்தையும் ஒரே நாளில் பார்க்க உட்கார்ந்தால் இரண்டாயிரத்தில் கை ஓய்ந்துவிடும். ஒவ்வொரு மாதமும் போன மாதப் படங்களை மட்டும் கால் மணி நேரம் பாருங்கள். பழைய பாக்கியில் வாரம் ஒரு மாதத்தைக் கழியுங்கள். தங்கியவற்றில் முக்கியமான பத்துக்காவது குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள்: யார், எந்த ஊர், என்ன நாள். பத்து வருஷம் கழித்து உங்களுக்கே பெயர் மறந்துவிடும்.

படங்கள் தொலைவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பெற்ற பிரதியையே மூலம் என்று நினைத்து மூலத்தை அழிப்பது. அந்தப் பிரதி சுருங்கியிருக்கும். எடுத்த நாளும் இடமும் அதில் இருக்காது. டாக்குமென்டாக அனுப்பினால் மூலம் அப்படியே போகும். இரண்டு, கூகுள் ஃபோட்டோஸில் ஏறிவிட்டதே என்று அதே செயலிக்குள் அழிப்பது. அது மேகக்கணியிலும் சேர்ந்து போய்விடும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். இடம் வேண்டுமென்றால், போனில் இருக்கும் பிரதியை மட்டும் நீக்கும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' வழியைத்தான் பயன்படுத்த வேண்டும். மூன்று, அதே செயலியில் படங்களை மறைத்து வைக்கும் பூட்டிய ஃபோல்டர் (Locked Folder). அதற்கான காப்புப் பிரதியை நீங்களாக இயக்கவில்லை என்றால், செயலியை நீக்கினாலோ போனை ரீசெட் செய்தாலோ உள்ளே இருப்பது திரும்பாது. எனவே வருஷத்துக்கு இரண்டு முறை முழுவதையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு மட்டும் என்று எடுத்ததை பிரிண்ட் போடலாமா? ஒரு தடவை போட்டதில் எல்லோர் தலையும் வெட்டுப்பட்டு வந்தது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அவசியம் போடுங்கள். தலை வெட்டுப்படக் காரணம் அளவுப் பொருத்தம். போன் படம் 4க்கு 3. 4x6 தாள் 3க்கு 2. தாளை நிரப்ப லேப் மேலும் கீழும் வெட்டுகிறது. நீங்களே 3க்கு 2 என்று கிராப் செய்து கொடுங்கள், அல்லது வெள்ளை ஓரத்தோடு முழுப் படமும் வரவேண்டும் என்று சொல்லுங்கள். 6x8 தாளானால் வெட்டே இல்லை. 4x6க்கு 1200க்கு 1800 பிக்சல் இருந்தால் போதும். தானியங்கி நிறத் திருத்தம் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். மாலை வெளிச்சத்தின் மஞ்சளை அது கழுவிவிடும்.

பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும். காய்ந்தபின் கலையாத நுனிமெல்லிய பிக்மென்ட் பேனாவால், ஓரத்தில் எழுதி, நன்றாகக் காயவிட்டு அடுக்குங்கள். பசைத்தாள் ஆல்பம் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். மூலை ஒட்டிகளோடு கெட்டித்தாள் ஆல்பம் போதும். பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரம் அந்தச் சுவர் வழியாகத்தான் உள்ளே வரும். சிலிக்கா ஜெல் பை போடலாம். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக் உறைகளை இளக்கிவிடும்.

கேள்வி: அப்பாவின் பழைய 35 மி.மீ. கேமரா அலமாரியில் கிடைத்தது. உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று திறந்து பார்க்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: திறக்காதீர்கள். இடப்பக்கம் மேலே இருக்கும் சுற்றுக் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். தளர்வாகச் சுற்றினால் ஃபிலிம் இல்லை. இறுகி நின்றால் இருக்கிறது. இருந்தால் கேமராவின் அடிப்பக்கத்துச் சிறிய பொத்தானை அழுத்திவிட்டு அதே குமிழைச் சுற்றுங்கள். இறுக்கம் சட்டென்று விடுபட்ட பிறகும் பத்துச் சுற்று சுற்றி, மங்கிய வெளிச்சத்தில் திறந்து எடுங்கள்.

டப்பியில் சி-41 என்று இருந்தால் சாதாரணக் கலர் நெகட்டிவ், ஃபிலிம் கழுவும் லேபில் கொடுக்கலாம். கருப்பு-வெள்ளையானால் நாள்பட்டதிலும் உருவம் ஓரளவு தாங்கியிருக்கும். கோடாக்ரோம் (கோடாக்கின் பழைய கலர் ஸ்லைடு ஃபிலிம்) என்றால் நிறம் கிடைக்காது. அதைக் கழுவிய கடைசி லேபும் 2010 டிசம்பர் 30க்குப் பிறகு ரோல் வாங்கவில்லை. கருப்பு-வெள்ளையாகக் கழுவித் தருபவரைத் தேட வேண்டும். கொடுக்கும் வரை காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்தபின் இரண்டு மணி நேரம் மூடியைத் திறக்காமல் வையுங்கள், இல்லாவிட்டால் ஃபிலிமின் மேல் வியர்க்கும். ஃபிலிமின் வயதை லேபில் சொல்லுங்கள். ஸ்கேன் மட்டும் கொடுத்துவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடும் இடங்கள் உண்டு. நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.