தந்தியை விடுங்கள், கவுஷனைப் பாருங்கள்

கேள்வி: ரஷ்யப் பேரரசரான ஜாரின் ஆட்சியில் முஸ்லிம்கள் தலையெடுக்கவே முடியாதாம். அந்தத் தடையை மீறி ஜெனரல் ஆனவராம் அஜர்பைஜான் பிரபு ஹுசைன் கான் நக்சிவான்ஸ்கி. 1917இல் தந்தி அடித்து ஜார் முடிதுறப்பதைத் தடுக்கப் பார்த்த மாவீரர் என்றும் படித்தேன். சரிதானே?

பதில்: ஜெனரல் ஆனது சரி. மற்ற இரண்டும் பிசகு.

அவர் எந்தத் தடையையும் மீறவில்லை. தாத்தா எஹ்சான் கான், இன்று அஜர்பைஜானில் இருக்கும் நக்சிவானின் கடைசி ஆட்சியாளர். ரஷ்ய–பாரசீகப் போரில் ரஷ்யர் பக்கம் சேர்ந்தவர். 1828 துர்க்மன்சாய் உடன்படிக்கைப்படி நக்சிவான் ரஷ்யா வசமானது. பின்னாளில் தாத்தாவுக்கே மேஜர் ஜெனரல் பட்டம் கிடைத்தது. தந்தை கல்பாலி கானும் மேஜர் ஜெனரல்தான். பெரியப்பா இஸ்மாயில் கான், 1877இல் துருக்கியர் போட்ட பயாசித் கோட்டை முற்றுகையைத் தாங்கி நின்றவர். 1863இல் பிறந்த ஹுசைனுக்கு பீட்டர்ஸ்பர்கில் பிரபு வீட்டுப் பிள்ளைகள் படித்த பேஜ் கோர் ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது இந்த வம்சாவளியால். 1883இல் அங்கிருந்து நேராக ஜாரின் மெய்க்காவல் குதிரைப்படைக்குப் போனார். சாதாரணக் காக்கேசிய முஸ்லிமுக்கோ கட்டாய ராணுவ சேவையே கிடையாது. அதற்கு ஈடாக வரி கட்டினார். பிரபுவுக்கு ஒரு நியாயம், குடியானவருக்கு ஒரு நியாயம்.

அதற்காக மத வேறுபாடு இல்லாமல் போகவில்லை. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு வழங்கிய ஜார்ஜ் விருதில் (போர் வீரத்துக்கான விருது) புனித ஜார்ஜ் உருவம் இராது. இரட்டைத் தலைக் கழுகு இருக்கும். 1913இல்தான் அந்த வேறுபாடு நீங்கியது. ரஷ்ய–ஜப்பானியப் போரில் இரண்டாம் தாகெஸ்தான் குதிரைப்படையைத் திரட்டி, 1905 ஜனவரியில் குதிரைப் பாய்ச்சலால் ஒரு பீரங்கி அணியைக் காப்பாற்றியதற்காகக் கான் பெற்ற நான்காம் வகுப்பு ஜார்ஜ் விருது அந்த மாற்றத்துக்கு முந்தையது. 1915இல் ஜாரின் அட்ஜுடன்ட் ஜெனரல், அதாவது ஜாரின் பரிவாரத்தைச் சேர்ந்த ஜெனரல், ஆனார். அந்தப் பதவியை எட்டிய ஒரே முஸ்லிம் அவர்தான்.

இனி, புகழ்பாடிகள் தொடாத இடத்துக்கு வருவோம். 1914 ஆகஸ்ட், முதல் உலகப் போர், ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யா. ரஷ்ய ஜெனரல் ரென்னன்காம்ஃபின் முதல் படையின் வலப்பக்கத்தைக் காக்கும் பெரிய குதிரைப்படை கானின் கையில் இருந்தது. 19ஆம் தேதி கவுஷன் என்ற கிராமத்தருகே எதிர்ப்பட்டது ஒரே ஒரு ஜெர்மன் லாண்ட்வேர் (இரண்டாம் நிலைப் படை) பிரிகேட். சுற்றிவளைத்துப் பின்பக்கம் போக வேண்டிய குதிரைவீரர்கள் கீழே இறங்கி, காலாட்படை மாதிரி நேருக்கு நேர் தாக்கினார்கள். குதிரைப்படை இறங்கினால் என்ன ஆகும்? குதிரைகளைப் பிடித்துக்கொள்ளவே ஒரு பெரும் பங்கு பின்னால் நிற்க வேண்டும். மிஞ்சுவோரிடம் தோட்டாவும் குறைவு. கடைசியில் விராங்கல் என்ற கேப்டன் ஒரு ஸ்குவாட்ரனோடு (சிறு குதிரைப் பிரிவு) குதிரைமேல் பாய்ந்து இரண்டு பீரங்கிகளைப் பிடித்தார். பின்னாளில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படைக்குத் தலைவரானாரே, அவரேதான். களம் கிடைத்தது, ஆனால் மெய்க்காவல் படைகள் அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

அதைவிடப் பெரிய தவறு அன்று மாலை நடந்தது. தோட்டா தீர்ந்தது, ஆட்கள் களைத்தார்கள் என்று கான் படையைப் பின்வாங்கச் செய்தார். மறுநாள் கும்பின்னன் போரில் ஃபிரான்சுவாவின் ஜெர்மன் கோர் (பல டிவிஷன்கள் கொண்ட பெரும்படை), மறைப்பின்றி நின்ற ரஷ்ய 28ஆவது காலாட்படை டிவிஷனின் பக்கவாட்டில் விழுந்து அதை நொறுக்கியது. கானின் குதிரைகள் அன்று களத்துக்கே வரவில்லை. ரஷ்யர்கள் அந்தப் போரில் வென்றது மற்ற டிவிஷன்களின் தயவால். தனிப்பட்ட துணிச்சல் அவருக்கு நிறையவே உண்டு. பல டிவிஷன்களை ஒருசேர நடத்தும் கணக்கு வேறு. அது அவரிடம் இல்லை என்பதே என் முடிவு.

தந்திக்கு வருவோம். ஜார் நிக்கலாய் முடிதுறந்தது பழைய நாட்காட்டிப்படி மார்ச் 2. அப்போது கான் தலைமையில் இருந்த மெய்க்காவல் குதிரைக் கோரின் தந்தி மார்ச் 3. முடிந்துபோன காரியத்தை அது எப்படித் தடுக்கும்? கையெழுத்து கானுடையதே ஆனாலும், அவர் இல்லாத நேரத்தில் அவருக்குக் கீழிருந்த தலைமைப் பணியக அதிகாரி (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) விநேகன் அனுப்பியது என்று சமகாலத்தவர் சிலர் எழுதியிருக்கிறார்கள். விநேகன் பிறகு தன்னையே சுட்டுக்கொண்டார். மூன்றாம் குதிரைக் கோரின் தளபதி கெல்லர் புதிய அரசுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்தவர். அந்தப் பெருமையைக் கானுக்கு மாற்றி எழுதக் கூடாது.

1918இல் பெத்ரோகிராதில் (பீட்டர்ஸ்பர்கின் அன்றைய பெயர்) போல்ஷெவிக்குகள் கானைக் கைது செய்தார்கள். அவரோடு சிறையில் இருந்த ராஜகுடும்பத்தார் நால்வரும் 1919 ஜனவரி இறுதியில் பீட்டர்–பால் கோட்டையில் சுடப்பட்டார்கள். அதே நாளைக் கானின் மரண நாளாகவும் போடுவது ஊகம். நீங்கள் படித்ததில் திட்டமாக ஒரு தேதி இருந்தால், அதற்கு ஆவணம் கேளுங்கள்.