மாரியோவில் எங்கே மாட்டினீர்கள்? கேளுங்கள், சொல்கிறேன்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் டிவி, செட்டாப் பாக்ஸ் சர்வீஸ் பார்க்கிறேன். முழுப்பரீட்சை லீவு விட்டால் போதும், பரண் மேல் கிடந்த டிவி கேமைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ரிப்பேர் முடித்துக் கையில் கொடுக்கும்போது பாதிப் பேர் கேட்பது மிஷினைப் பற்றி இல்லை, "அண்ணா, அந்த ஸ்டேஜை எப்படித் தாண்டுறது?" என்றுதான். அதனால்தான் சூப்பர் மாரியோ பிரதர்ஸ், அதாவது 1985ல் நிண்டெண்டோ வெளியிட்ட அந்த முதல் ஆட்டத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நாலு ஸ்டேஜ், மொத்தம் 32. 1-2 என்றால் முதல் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜ். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பாலக்கோட்டிலிருந்து: அண்ணா, 1-2ல் மேலே ஏறி ஓடி குழாய் வழியா 4க்குப் போயிடுவேன், 4-2ல் செடிக்கொடி ஏறி நேரா 8க்குப் போயிடுவேன். ஆனா 8-1லயே எல்லா உயிரும் போயிடுது. ஏதாவது ட்ரிக் இருக்கா?

தம்பி, உன் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீ போகிற வழியில் 8-1க்கு முன்னால் விளையாடுவது 1-1, 1-2, 4-1, 4-2, அவ்வளவுதான். நடுவில் இருக்கிற ஸ்டேஜ்கள்தான் 8-1 கேட்கிற வித்தையைச் சொல்லிக்கொடுக்கின்றன, அதை எல்லாம் குழாயில் இறங்கித் தாண்டிவிட்டாய். இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஒவ்வொரு ஆபத்தையும் முதலில் வலிக்காத இடத்தில் காட்டுவார்கள், அப்புறம்தான் வலிக்கிற இடத்தில் வைப்பார்கள்.

1-1ன் கடைசிப் பகுதியைப் பார். எதிரெதிராக இரண்டு படிக்கட்டு, நடுவில் தரை இருக்கும். தாவித் தவறினால் கீழே நிற்பாய், ஒன்றும் ஆகாது. இரண்டடி தள்ளி அதே மாதிரி இரண்டு படிக்கட்டு, இந்த முறை நடுவில் பள்ளம். முதலில் பழகிய அதே தாவலைத்தான் இப்போது உயிரைப் பணயம் வைத்துச் செய்கிறாய். அதே 1-1ல் முதல் காளான் வருகிற விதத்தையும் கவனி: கட்டியை (பிளாக்கை) முட்டினால் காளான் வலப்பக்கம் போய், அங்கே இருக்கிற குழாயில் மோதி, திரும்பி உன்னை நோக்கியே வரும். புதிதாக விளையாடுகிறவன் எதிரி என்று பயந்து ஓடப் பார்த்தாலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும், காளான் நல்லது என்று தானாகத் தெரிந்துவிடும். ஒரு வரி எழுத்து இல்லாமல் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இருக்கிற மரியாதை முழுக்க இதனால்தான்.

சரி, 8-1க்கு வருவோம். நேரம் 1-1ல் 400 கொடுத்தார்கள், இங்கே 300தான், ஸ்டேஜோ ரொம்ப நீளம். அதனால் நின்று நின்று போனால் எதிரி கொல்லாவிட்டாலும் கடிகாரம் கொன்றுவிடும். எட்டாம் உலகத்தில் பாதி வழியில் செத்தால் பாதியிலிருந்து தொடங்கவும் விடமாட்டார்கள், முதலிலிருந்துதான். கால் வைக்க ஒரே ஒரு கட்டி அகலம் மட்டும் விட்டிருக்கிற பள்ளங்கள் இருக்கின்றன, அங்கே பின்னால் நன்றாக இடம் விட்டு, பி பட்டனைப் பிடித்து ஓடிவந்து, விளிம்பில் தாவ வேண்டும். என் பேச்சைக் கேள், ஒரே ஒரு முறை குழாயில் இறங்காமல் 1-1லிருந்து வரிசையாக வா. எட்டாம் உலகத்துக்கு வந்து சேரும்போது உன் கை வேறு கையாக இருக்கும்.

ஊத்தங்கரை: ஓடும்போது மாரியோ நிற்கவே மாட்டேங்கிறான், சறுக்கிப் போய் குழியில் விழறான். தாவினாலும் சில நேரம் குட்டியா தாவறான்.

ஓடுகிற வேகம் உடனே நிற்காது, எதிர்ப்பக்கம் அழுத்தினால் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்பான். இறங்கப்போகிற இடத்துக்கு முன்பே, காற்றில் இருக்கும்போதே பின்பக்கம் அழுத்திப் பழகுங்கள். குட்டித் தாவலுக்குக் காரணம் வேறு. ஏ பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உயரம். நம்ம ஊர்க் கடைகளில் கிடைத்த கன்ட்ரோலரில் சாதா ஏ, பிக்கு மேலே டர்போ பட்டன் இரண்டு இருக்கும், அது கான்ட்ரா மாதிரி துப்பாக்கி ஆட்டத்தில் சுடுவதற்கு நல்லது, மாரியோவில் தாவுவதற்கு ஆகாது. டர்போ விட்டுவிட்டு அழுத்துகிற மாதிரி வேலை செய்வதால் தாவல் பாதியில் அறுந்துவிடும். இன்னொன்று, ஒரு கட்டி அகலம் மட்டும் இருக்கிற சின்ன ஓட்டையை பி பிடித்து ஓடினால் தாவாமலே கடந்துவிடலாம்.

பர்கூர்: 3-1 ஆமை ட்ரிக் உண்மையா?

உண்மை. 3-1 முடிவில் கொடிக்கம்பத்துக்கு முன்னால் இருக்கிற படிக்கட்டில் இரண்டு ஆமை இறங்கி வரும். முதல் ஆமையை விட்டுவிட்டு, இரண்டாவது ஆமை படியில் இருக்கும்போது அதன் மேல் குதியுங்கள். ஆமையின் ஓடு படியில் மோதி உங்கள் காலுக்கே திரும்பி வரும், மறுபடி மிதி, மறுபடி மோதும். மதிப்பெண் 100, 200, 400 என்று ஏறி 8000 வரை போய், அதற்கு அப்புறம் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் உயிர். இடம் சரியாக அமைய நிறையப் பொறுமை வேண்டும். ஆனால் பேராசை வேண்டாம்: உயிர் 127ஐத் தாண்டினால் உள்ளே கணக்கு எதிர்மறையாகத் திரும்பிவிடும், அடுத்த முறை செத்தவுடன் கேம் ஓவர். பத்தைத் தொட்டதும் திரையில் பத்தாம் இடத்து இலக்கத்துக்குப் பதில் கிரீடம் மாதிரி ஒரு குறி வரும், இருபதிலிருந்து எண்ணும் குழம்பிவிடும், அதற்குப் பிறகு எத்தனை என்று மனதில்தான் எண்ண வேண்டும். கிரீடம் வந்து கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அது போதும்.

காரிமங்கலம்: கேசட்டை ஊதிப் போட்டால் வேலை செய்யுது தம்பி, அது சரிதானா?

வேண்டாம் அக்கா. ஊதியதால் இல்லை, எடுத்துத் திரும்பப் போட்டதால்தான் பின்கள் சரியாகப் பட்டு வேலை செய்கிறது. வாயிலிருந்து போகிற ஈரம் நாளாவட்டத்தில் அந்தச் செம்புப் பட்டைகளில் பச்சை பிடிக்க வைக்கும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் வாங்கி, காது குடையும் பட்ஸில் தொட்டு, பட்டைகளை மேலிருந்து கீழாகத் துடையுங்கள், அழுக்குக் கறுப்பாக வரும். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

ஓசூர்: பழைய டிவியில் ஈஸியா ஜெயிப்பேன். புது எல்இடி டிவியில் பட்டன் அழுத்தி ஒரு நொடி கழிச்சுத்தான் தாவற மாதிரி இருக்கு. கன்ட்ரோலர் போச்சா?

கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கும். பழைய டப்பா டிவி வந்த சிக்னலை அப்படியே திரையில் வரையும். எல்இடி டிவி அதைப் பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம் காட்டுகிறது, அந்த வேலைக்கு ஆகிற நேரம்தான் தாமதம். ஒரு நொடி எல்லாம் ஆகாது, அதில் சின்னப் பங்குதான், ஆனால் மாரியோவில் அதுவே குழியில் தள்ளப் போதும். டிவி செட்டிங்கில் 'கேம் மோடு' இருக்கும், அதைப் போடுங்கள். ஏவி வயரை எச்டிஎம்ஐக்கு மாற்றுகிற மலிவான டப்பா நடுவில் இருந்தால் அதுவும் தாமதம் சேர்க்கும், டிவியிலேயே மஞ்சள் பின் இருந்தால் நேராக அதில் குத்துங்கள். வீட்டில் பழைய டிவி ஓடுகிற நிலையில் இருந்தால் தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள், இந்த ஆட்டத்துக்கு அதைவிட நல்ல திரை இல்லை.

அரூர்: 4-4 முடியவே மாட்டேங்குது. ஓடிக்கிட்டே இருக்கேன், அதே இடம் திரும்பத் திரும்ப வருது. கேசட் கோளாறா அண்ணா?

கோளாறு இல்லை தங்கச்சி, அது சுற்றுப்பாதை. தவறான தளத்தில் ஓடினால் ஆட்டம் சத்தமில்லாமல் பழைய இடத்தை மறுபடி ஒட்டிவிடும். 4-4ல் முதலில் மேல் பாதை, அடுத்து கீழ்ப் பாதை. 7-4லும் இதே கதைதான், அங்கே முதல் பகுதிக்குக் கீழ், நடு, மேல் என்று போ. இரண்டாம் பகுதியை நீயே கண்டுபிடி, பார்த்த இடமே திரும்பி வந்தால் தவறு, புது இடம் வந்தால் சரி, இந்த ஒரு விதியை வைத்தே பிடித்துவிடலாம். கடைசிக் கோட்டை 8-4 இன்னும் ஒரு படி மேலே: எந்த உயரத்தில் ஓடினாலும் சுற்றத்தான் செய்யும், சரியான குழாயில் இறங்குவது மட்டும்தான் வழி. அதில் ஒரு குழாய் அந்தரத்தில் நிற்கும், எட்டாது, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டி ஒன்று இருக்கிறது, வெறும் காற்றில் தாவித் தாவி முட்டிப் பார்.

காவேரிப்பட்டணம்: என் கேசட்டில் 99999 கேம் இருக்குன்னு போட்டிருக்கு. மாரியோவே நிறைய இருக்கு, எது ஒரிஜினல்?

உள்ளே இருப்பது கொஞ்சம் ஆட்டங்கள்தான், அதையே வேறு வேறு ஸ்டேஜில் தொடங்குகிற மாதிரி மாற்றி வரிசையை நீட்டியிருப்பார்கள். 1-1ல் மூன்று உயிரோடு தொடங்குவது எதுவோ அதை எடுங்கள்.

தேன்கனிக்கோட்டை: ஆறாவது உலகம் வரை வந்து கேம் ஓவர் ஆயிடுச்சு. முதல்ல இருந்துதானா? அழுகையே வந்துடுச்சு.

இல்லை, இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். கேம் ஓவர் ஆகித் தலைப்புத் திரை வந்ததும், ஏ பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்துங்கள். எந்த உலகத்தில் செத்தீர்களோ அந்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கும், உங்களுக்கு 6-1. ஆனால் கரன்ட் போனால் போயிற்று, சேமித்து வைக்கிற வசதி இந்தக் கேசட்டில் கிடையாது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்கிற கேம் மிஷின் வைத்திருப்பவர்கள் நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் இதே ஆட்டத்தை விளையாடினால் நினைத்த இடத்தில் சேமிக்கலாம், பின்னால் ஓட்டியும் பார்க்கலாம்.

தர்மபுரி: சுத்தியல் எறியுற ரெண்டு ஆமைங்க வந்தாலே கை நடுங்குது.

இந்த ஆட்டத்திலேயே மனம் போன போக்கில் நடப்பவை அவைதான், அதனால் பயம் நியாயமானது. தூரத்தில் நின்று நேரம் கடத்தாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அவையே உங்களை நோக்கி நடக்க ஆரம்பிக்கும். பூவைத் தொட்டுக் கையில் நெருப்பு இருந்தால் ஒரு குண்டுக்கு ஒன்று விழும். இல்லையென்றால், அது மேலே துள்ளுகிற கணத்தில் பி பிடித்துக் கீழே புகுந்து ஓடிவிடுங்கள். சுத்தியலைப் பார்க்காமல் ஆமையின் காலைப் பாருங்கள், தரையை விட்டுக் கிளம்பியதும் ஓட வேண்டும். நெருப்பைக் கோட்டை வரை காப்பாற்றினால் இன்னொரு லாபம்: கோட்டைக் கடைசியில் நிற்கிற வில்லன் பவுசரை ஐந்து குண்டில் வீழ்த்தலாம், முதல் ஏழு கோட்டையிலும் இருப்பது வேஷம் போட்ட ஆள் என்பது அப்போதுதான் தெரியும். 1-4ல் விழுவது வெறும் கும்பா, 1-1லேயே முதலில் எதிரில் வருகிற அந்தக் குட்டி எதிரி. பாலத்தின் முடிவில் இருக்கிற கோடாரியைத் தொட்டே முடித்தவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மாரண்டஅள்ளி: இவ்வளவு பழைய கேம், ஆனா அந்தக் கலர் மட்டும் கண்ணிலயே நிக்குது. எப்படி?

கேட்டதற்கு நன்றி, எனக்குப் பிடித்த விஷயம். ஆட்டம் மொத்தமும் 40 கிலோபைட், இன்று போனில் அனுப்புகிற ஒரு போட்டோவே இதைவிடப் பெரிது. திரையில் ஒரே நேரத்தில் 25 நிறத்துக்கு மேல் காட்ட அந்த மிஷினால் முடியாது. அதனால் ஒரே படத்துக்கு நிறத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். மேலே வெள்ளையாக இருக்கிற மேகத்தையும் கீழே பச்சையாக இருக்கிற புதரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே உருவம். 1-2ல் பூமிக்கடியில் போனதும் செங்கலும் கும்பாவும் நீலமாகிவிடும், மூன்றாம் உலகத்தில் வானம் கறுத்து இரவாகிவிடும். புதிதாக எதுவும் வரையவில்லை, நிறம் மட்டும்தான் மாறியது, ஆனால் வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி மனது நம்புகிறது. மாரியோவுக்குத் தொப்பி வைத்ததுகூட அவ்வளவு குட்டிப் படத்தில் முடி வரைய முடியாததால்தான்.

பென்னாகரம்: பையனுக்கு ஆறு வயசு. விளையாடணும்னு அடம் பிடிக்கிறான், செத்தா கன்ட்ரோலரைத் தூக்கி எறியறான். என்ன செய்ய?

பக்கத்தில் உட்காருங்கம்மா, 1-1ஐ மட்டும் தினமும் கொஞ்ச நேரம் விளையாடட்டும். நாலாவது குழாயில் கீழே அழுத்தச் சொல்லுங்கள், அடியில் 19 காசு இருக்கிற அறை வரும், குழந்தைகளுக்கு அது பெரிய சந்தோஷம். அடம் குறையவில்லை, வீட்டில் ஸ்விட்சும் இருக்கிறது என்றால் 2023ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டரில் யோஷியை எடுத்துக் கொடுங்கள், எதிரி பட்டாலும் அடிபடாது, பள்ளத்தில் விழாமல் இருந்தால் போதும். நிறமும் கண்ணைப் பறிக்கும்.

கெலமங்கலம்: கொடியில் இறங்கினால் சில சமயம்தான் வாணவேடிக்கை வருது, ஏன்?

கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அத்தனை வெடி வெடிக்கும், ஒவ்வொன்றுக்கும் 500.

ராயக்கோட்டை: அண்ணா, இளவரசியைக் காப்பாத்திட்டேன்! 32 ஸ்டேஜும், குழாய் இல்லாம! அடுத்து என்ன?

சபாஷ் தம்பி! இதைப் படித்ததும் கடையில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். மிஷினை அணைக்காதே, இரண்டாம் சுற்று இருக்கிறது. தலைப்புத் திரையில் பி அழுத்தினால் எந்த உலகத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். இந்தச் சுற்றில் கும்பா இருந்த இடத்தில் எல்லாம் கறுப்பு ஓட்டு வண்டு நிற்கும், அதற்கு நெருப்பு ஏறாது, மிதித்தால் ஓட்டுக்குள் சுருளும், சாகாது. அதனால் பூவை நம்பி ஓடிய இடங்களில் எல்லாம் காலை நம்ப வேண்டியிருக்கும். 1-1லிருந்தே தொடங்கு, அதே முதல் பத்தடியில் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுது.